காசநோய் ஆறிய பின்னும் இருமலா?

காசநோய்க்கு முழுமையாக மருந்து உட்கொண்டு குணமடைந்தவருக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இருமலும் உடல் மெலிவும் தோன்றி, சளியில் இரத்தமும் கண்டால், பழைய நோயே திரும்பிவிட்டது என்று குடும்பத்தினர் அஞ்சுவர். அவ்வாறும் இருக்கலாம். ஆயினும், இதே அறிகுறிகளை உண்டாக்கும் வேறொரு நோயும் உண்டு. அதுவே ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்னும் பூஞ்சை நோய்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மக்கிய இலை, எருக்குழி, ஈரம்பட்ட தானியம், நீர் கசியும் சுவர் ஆகியவற்றில் வளர்கிறது. அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவே உள்ளவை. நாள்தோறும் நாம் அனைவரும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நலமான நுரையீரல் அவற்றை அழித்துவிடுகிறது.

காசநோய் ஆறிய நுரையீரலிலோ சிலருக்குக் குழிகள் எஞ்சிவிடுகின்றன. அங்குத் தங்கும் வித்துகள் மெல்ல வளர்ந்து, பந்துபோலத் திரளக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதே பூஞ்சை ஒவ்வாமையாக வெளிப்பட்டு, அடங்காத மூச்சிரைப்பைத் தரும். உறுப்பு மாற்று, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கோ விரைவில் உயிராபத்தே நேரலாம்.

நோயை இனம் காண்பதே இங்கு முதன்மையானது. காசநோய் மருந்துகள் பூஞ்சையை அழிப்பதில்லை. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி காணப்படாத நிலையில், சி.டி. ஸ்கேனும் ஆஸ்பர்ஜில்லஸ் எதிர்ப்பொருளைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் உண்மையை உணர்த்தும். நாட்பட்ட பூஞ்சை நோய்க்கு இட்ரகோனசோல் போன்ற மருந்துகள் பொதுவாக 6 மாதங்களுக்குக் குறையாமல் தரப்படுகின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இம்மருந்தின் ஆற்றலைப் பெரிதும் குறைத்துவிடும். எனவே எம்மருந்தையும் மருத்துவர் அறியாமல் உட்கொள்ளலாகாது. மிகுதியாக இரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்பூஞ்சை நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும், காசநோய் இல்லை என உறுதியாகும்வரை இருமும்போது வாயை மூடிக்கொள்வது நன்று. நுரையீரல் நலம் குன்றியோர் பூசணம் பிடித்த அறைகளையும் எருக்குழிகளையும் தவிர்த்தல் நலம்.

கணக்குப் புத்தகத்தைப் பேணுவதுபோலப் பழைய எக்ஸ்ரே படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் பேணி வையுங்கள். பழைய படத்தைப் புதிய படத்துடன் ஒப்பிடும்போதே, நுரையீரலில் நேர்ந்த மாற்றம் மருத்துவருக்குத் தெளிவாகப் புலப்படும்.