பெட்டியில் ‘12 சேனல்’.. ஆனா 6 மைக்தான் போட முடியுமா? சின்ன மேடைக்கு ஏற்ற ஆடியோ மிக்சரை தேர்வு செய்வது எப்படி?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஊருக்கு ஊர் கூழ் வார்த்தல், அது முடிந்தால் விநாயகர் சதுர்த்தி, அடுத்து ஆயுத பூஜை. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என சிப்காட் வளாகங்கள் வரிசை கட்டி நிற்கும் இந்தப் பகுதியில் ஆயுத பூஜை என்றாலே தனி களைதான். இடையில் காதுகுத்து, வளைகாப்பு, தொழிற்சங்க வாயிற்கூட்டம் எல்லாம் உண்டு.

இதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு மைக், நான்கு பாக்ஸ் இருந்தால் ஆர்டர் எடுத்துவிடலாம். இப்போது சின்ன மண்டபத்தில் கூட கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், இரண்டு பாடகர்கள் என குட்டி ஆர்கெஸ்ட்ரா வந்து இறங்குகிறது. அப்போதுதான் “ஒரு நல்ல மிக்சர் வாங்கிடலாமா?” என்ற கேள்வி வருகிறது. ஒரு சீசன் வருமானம் மொத்தமும் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விடும் என்பதால், தப்பாக வாங்கினால் அடுத்த சீசன் வரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

மிக்சர் தேவையே இல்லாத வேலை எது?

முதலில் இதைச் சொல்லிவிடலாம். வெறும் பேச்சு மட்டும் என்றால் தனி மிக்சர் வேண்டாம். கேட் மீட்டிங், பள்ளி ஆண்டு விழாவின் பேச்சு நிகழ்ச்சி, கோயில் அறிவிப்பு இதற்கெல்லாம் அகுஜா போன்ற நிறுவனங்களின் மிக்சர் ஆம்ப்ளிஃபையரே போதும். மைக் உள்ளீடு, சத்தம் கூட்டும் ஆம்ப் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். 100 வோல்ட் லைனில் நீளமாக ஒயர் இழுத்து தெருமுனை வரை ஸ்பீக்கர் கட்டலாம். பாட்டுக் கச்சேரி என்று வரும்போதுதான் இது திணறும்.

சேனல் கணக்கில் ஏமாறுவது எங்கே?

பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். யமஹாவின் எம்ஜி வரிசையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எம்ஜி10எக்ஸ்யு என்றால் 10 சேனல். ஆனால் அதில் மைக் போட 4 இடம்தான். எம்ஜி12எக்ஸ்யு-வில் 6 மைக். எம்ஜி16எக்ஸ்யு-வில் 10 மைக். மீதி எல்லாம் கீபோர்டு, லேப்டாப் போன்றவற்றை சொருகும் லைன் உள்ளீடுகள். அதிலும் ஸ்டீரியோ என்றால் இடது, வலது இரண்டையும் தனித்தனியாக எண்ணித்தான் கணக்கு காட்டுவார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, பல நிறுவனங்கள் இப்படித்தான் எண்ணுகின்றன. வாங்குபவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு தேவை? பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். பாடகர்கள் 2. தபேலாவுக்கு 2 மைக். டோலக் 1. தொகுப்பாளர் 1. கிட்டார் 1, பேஸ் கிட்டார் 1. இதுவே 8 ஆகிவிட்டது. கீபோர்டு, ரிதம் பேட், டிராக் ஓட்டும் லேப்டாப் மூன்றும் ஸ்டீரியோ என்பதால் 6. மொத்தம் 14. ‘12 சேனல்’ பெட்டி இங்கே எடுபடாது. 16 சேனல் வகையில் கச்சிதமாக உட்காரும், ஒரு ஸ்டீரியோ சேனல் மிச்சமும் இருக்கும். மிச்சம் வேண்டும்தான். “அண்ணே, தலைவர் இரண்டு வார்த்தை பேசணும்” என்று கடைசி நிமிடத்தில் யாராவது வந்து நிற்காத மேடை உண்டா?

வல்லம் வடகாலில் பைக் தயாரிக்கும் யமஹாவும் இந்த மிக்சர் தயாரிக்கும் யமஹாவும் ஒரே வேரில் இருந்து வந்தவைதான். இசைக்கருவி நிறுவனத்தில் இருந்து 1955-ல் மோட்டார் நிறுவனம் தனியாகப் பிரிந்தது. பைக் டேங்கில் இருக்கும் முத்திரையை உற்றுப் பார்த்தால் அதில் இருப்பது 3 இசைக்கவைகள்!

“என் குரல் எனக்கே கேட்கல!”

மேடையில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான். பாடகருக்கு முன்னால் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு, ஜனங்களுக்குப் போகும் கலவையை அப்படியே அனுப்ப முடியாது. தனியாக ஒரு கலவை போட வேண்டும். அதற்குத்தான் ஆக்ஸ் என்ற வரிசை. ஒரு ஆக்ஸ் இருந்தால் ஒரு தனி கலவை.

இங்கே கவனிக்க வேண்டியது ‘ப்ரீ ஃபேடர்’ வசதி. அது இருந்தால், வெளியே சத்தத்தை ஏற்றி இறக்கினாலும் பாடகர் காதில் விழுவது மாறாது. அது இல்லாத சின்ன டெஸ்க்கில் இருக்கும் ஒரே ஆக்ஸும் எக்கோவுக்குப் போய்விடும். பாடகர் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார், ஆபரேட்டர் மெயின் ஃபேடரை ஏற்றுவார், கடைசியில் மைக் ‘ஊய்’ என்று கூவும். ஆக, சேனல் எண்ணிக்கைக்கு அடுத்து கேட்க வேண்டியது, எத்தனை ஆக்ஸ், அதில் எத்தனை ப்ரீ? பாட்டு மேடை என்றால் மானிட்டருக்கு இரண்டு, எக்கோவுக்கு ஒன்று. இதற்குக் கீழே போக வேண்டாம்.

கூவுவதை அடக்க இன்னொரு வசதி, நடு ஸ்வரங்களுக்கான குமிழுடன் அதன் அலைவரிசையையும் நகர்த்த முடிவது. எந்த இடத்தில் கூவுகிறதோ அங்கே மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். வெறும் பேஸ், டிரெபிள் மட்டும் இருக்கும் டெஸ்க்கில் இது முடியாது. அதேபோல லோ கட் பட்டன். பாடகர் மைக்கில் அதை அழுத்திவிட்டால் காற்று இரைச்சல், மேடைப் பலகை அதிரும் சத்தம் குறைந்துவிடும்.

ஃபேடரா, டேப்லெட்டா?

இப்போது இளைஞர்கள் அதிகம் விசாரிப்பது டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்சர். பெரிங்கர் எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்ட் யுஐ வரிசை இவையெல்லாம் அந்த வகை. எக்ஸ்ஆர்18-ல் 16 மைக் உள்ளீடு, 6 ஆக்ஸ் இருக்கிறது. பெட்டியை மேடையிலேயே வைத்துவிடலாம் என்பதால் தடித்த மல்டிகோர் கேபிளை கூட்டத்துக்கு நடுவே இழுக்க வேண்டாம். ஒரு முறை செட் செய்ததை சேமித்து வைத்தால் அதே ட்ரூப் அடுத்த வாரம் வரும்போது ஒரே தட்டில் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இதைவிட பெரிய லாபம் ஒன்று உண்டு. சின்ன மண்டபங்களில் சவுண்ட் ஆபரேட்டருக்குக் கிடைப்பது மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மூலை. ஜனங்களுக்கு என்ன கேட்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. டேப்லெட் கையில் இருந்தால் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸ் பண்ணலாம்.

ஆனால் பிரச்னையும் அங்கேதான். எக்ஸ்ஆர்18-ல் உள்ளேயே இருக்கும் வைஃபை 2.4 ஜிகாஹெர்ட்ஸ். ஒரு மண்டபத்தில் 500 பேர் போனுடன் உட்கார்ந்திருக்கும்போது இணைப்பு விட்டுவிட்டு வரும். சரியாகப் பாட்டு நடுவில் கூவ ஆரம்பிக்கும்போது டேப்லெட் சுற்றிக்கொண்டே இருந்தால் கதை முடிந்தது. 5 ஜிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி கேபிளில் இணைத்துவிட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். டேப்லெட் சார்ஜ் தனி கவலை.

ஆக, எதை வாங்கலாம்? வேலைக்கு ஆள் மாறி மாறி வருகிறார்கள், யார் வந்தாலும் இயக்க வேண்டும் என்றால் ஃபேடர் உள்ள சாதா அனலாக் டெஸ்க்தான் சரி. உரிமையாளரே உட்கார்ந்து மிக்ஸ் பண்ணுபவர், ஆர்கெஸ்ட்ரா ஆர்டர்தான் அதிகம் என்றால் டிஜிட்டல் பக்கம் போகலாம்.

உயிர் விஷயம்: எர்த் பின்

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சிலர் செய்யும் முதல் காரியம், பிளக்கில் இருக்கும் எர்த் பின்னை உடைப்பது. இரைச்சல் நிற்கும். ஆனால் மிக்சரிலோ ஆம்பிலோ எங்காவது மின்கசிவு இருந்தால் அது வெளியேற வழி இல்லை. கையில் கிட்டார், உதட்டில் மைக் என்று நிற்பவரின் உடம்பு வழியாகத்தான் போகும். பந்தல், ஜெனரேட்டர், ஈர மண் என்று இருக்கும் ஆடி மாத மேடையில் இது உயிரைப் பறிக்கும் வேலை.

எர்த்தை எடுக்காமலேயே இரைச்சலை நிறுத்த வழி இருக்கிறது. மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்தில் இருந்து கரண்ட் எடுப்பது முதல் வழி. கீபோர்டு, லேப்டாப்பை டிஐ பாக்ஸ் வழியாக இணைத்து அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுவது இரண்டாவது. அது சிக்னல் ஒயரின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது. புது மிக்சருக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டு டிஐ பாக்ஸுக்கும் இடம் விட்டு வைப்பது நல்லது.

மணி 10 ஆனால்?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் தொழிற்பகுதிக்கு 75 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் இன்னும் குறைவு. இந்தப் பகுதியில் சிப்காட் சுவரை ஒட்டியே வீடும் விடுதியும் இருக்கின்றன. நைட் ஷிப்ட் முடித்து மத்தியானம் தூங்குபவர்களை எந்த விதியும் கணக்கில் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். மிக்சரில் தெளிவான எல்இடி மீட்டர் இருப்பதும், லிமிட்டர் இருந்தால் அதை ஒரு அளவில் பூட்டி வைப்பதும் இங்கே உதவும்.

பழசு வாங்கலாமா?

சென்னை ரிச்சி தெருவில் புதுசைப் பார்த்துவிட்டு, விலை கட்டுப்படாமல் செகண்ட் ஹேண்ட் தேடுபவர்கள் நிறைய பேர். தப்பில்லை. ஆனால் போகும்போது ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஒரு கேபிள் கையில் எடுத்துப் போக வேண்டும். அந்த ஒரே மைக்கை ஒவ்வொரு சேனலாக மாற்றிப் பேசிப் பார்க்க வேண்டும். ஃபேடரையும் குமிழையும் மெதுவாக நகர்த்தும்போது ‘கரகர’ என்றால் உள்ளே தூசி, இல்லை தேய்மானம். 48 வோல்ட் ஃபேன்டம் பட்டன் வேலை செய்கிறதா என்பதை கண்டென்சர் மைக் வைத்துத்தான் சோதிக்க முடியும். அது இல்லாவிட்டால் மல்டிமீட்டர். அரை மணி நேரம் ஆன் செய்து வைத்து, சூடான பிறகும் ஒரு முறை எல்லா சேனலையும் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம். “அதெல்லாம் எதுக்குங்க, நல்லாத்தான் இருக்கு” என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த டெஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.