மாட வீதியில் ஸ்போர்ட்ஸ் கார் ஓடுமா?

போர்ஷே 911ஐ தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாமா? ஐரோப்பாவில் பலர் ஓட்டுகிறார்கள். பின்சீட்டு உண்டு (பேருக்குத்தான்), முன்பக்கம் பெட்டி வைக்கலாம். மயிலாப்பூரில் கேள்வியே வேறு: வேகத்தடையைத் தாண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வரையறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கி.மீ.யில் தாண்டுவதற்கானது. 911இன் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.45 மீட்டர்தான். அதனால் நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். நடுவயிற்றுக்கு அடியில் குறைவது வெறும் 4.4 செ.மீ. தரை இடைவெளி சுமார் 12 செ.மீ. இருப்பதால் தாராளமா போயிடும்.

சிக்கல், நம்ம சந்துகளில் ராத்திரியோட ராத்திரியா முளைக்கிற ஒடுங்கின தடைகள். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத அந்த நொடியில், தடையின் முழு உயரமும் வயிற்றுக்கு நேரே நிற்கும். 13 செ.மீ. இருந்தாலே உரசிடும். முன்பக்கத்தை 4 செ.மீ. தூக்கும் வசதியை வாங்கலாம்; மூக்கு தப்பும், நடுவயிறு ஏறுவது அதில் பாதிதான்.

என் தேர்வு, இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021இல் வந்தது, ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், தரை இடைவெளி 17 செ.மீ. அசல் ஸ்போர்ட்ஸ் கார்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஆனா மெட்ரோ வேலைக்காகக் கச்சேரி ரோட்டிலிருந்து திருப்பிவிடுற சந்துல எல்லாம் நுழையும். அறுபத்து மூவர் அன்னிக்கு மட்டும் எந்த வண்டியையும் எடுக்காதீங்க.