பழைய லோடு வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப். தமிழ்நாட்டில் பழைய லோடு வண்டி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். போனதும் கேட்பது, "என்ன மாடல், எத்தனை கிலோமீட்டர்?" காருக்கு அது சரி. லோடு வண்டியில் முதலில் விசாரிக்க வேண்டியது, இத்தனை நாள் அது என்ன ஏற்றியது என்பதைத்தான். ஒரே வருஷத்து வண்டி இரண்டு. ஒன்று பூ மார்க்கெட்டுக்கு ஓடியது, மற்றது எம்-சாண்ட் அடித்தது என்றால் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வது நியாயமே இல்லை.

விற்பவர் எதையாவது சொல்வார். நீங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை போட்டிருந்தால், அளவு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி அது. பழைய ஏஸ் முக்கால் டன் சுமக்கச் செய்த வண்டி. அதில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். செங்கல் ஏற்றுகிறவர்கள் முக்கால் டன்னோடு நிறுத்துவதில்லை. அந்தக் கூடுதல் பாரம் கிளட்ச், கிரவுன், சேஸ் என்று எல்லாவற்றையும் தேய்த்திருக்கும். பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டை ஒட்டி சேஸை விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் வைத்த இடம் கருப்புப் பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, விரலில் மேடு தட்டும். வெல்டிங் வைத்த சேஸ் என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது.

மீன் ஏற்றிய வண்டியில் வேறு தொல்லை. உப்புத் தண்ணீர் பிளாட்பார்ம் இடுக்கு வழியாக இறங்கி அடியை அரித்திருக்கும். கோழி வண்டியில் எச்சம் அதே வேலையைச் செய்யும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தால் தகடு உதிர்வது தெரியும். பால் வண்டி அப்படியில்லை. தினமும் ஓடும், ஆனால் ஏறும் பாரம் பெரும்பாலும் ஒரே அளவு, ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் என்பதால் சர்வீஸும் தவறாது. மீட்டர் 2 லட்சம் காட்டும் பால் வண்டியையும் 80 ஆயிரம் காட்டும் மணல் வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் பால் வண்டியைத்தான் எடுப்பேன்.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, "நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆறிப்போன இன்ஜின் ஒரே செல்ஃபில் எடுக்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வருவது சகஜம். குப்குப்பென்று புகை தள்ளினால் மெக்கானிக் பாஷையில் 'பேக் கம்ப்ரெஷன்': ரிங், போர் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்க வேண்டிவரும். மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இழுவையில் கருப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரில் தொடங்கி இன்ஜெக்டர் வரை காரணம் இருக்கலாம். தோஸ்த் போன்ற காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர் செலவு கனமாக வரும்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். பாதி லோடாவது ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறுங்கள். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. மிதித்தால் ஒரு ஊளை, காலை எடுத்தால் வேறொரு ஊளை என்று பின்பக்கம் கேட்டால் கிரவுன் வேலை. பிறகு முன் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், ஏஸில் கிங் பின், வேறு சில வண்டிகளில் பால் ஜாயின்டாகவும் இருக்கலாம்.

2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான பிஎஸ்-6 டீசல் வண்டியில் இன்னொன்று உண்டு. புகையை வடிகட்டும் ஃபில்டர் உள்ள மாடல்கள், ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் கரி அடைத்துக்கொள்ளும். சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கலாம்.

இப்போது விலை. பிடிமானத்துக்கு இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐடிவி தொகையை, அதாவது வண்டிக்குக் கம்பெனி போட்ட மதிப்பைப் பாருங்கள். வழக்கமான அட்டவணைப்படி புது வண்டி விலையிலிருந்து இரண்டு முதல் மூன்று வருஷ வண்டிக்கு 30 சதவீதமும், நான்கு முதல் ஐந்து வருஷ வண்டிக்கு 50 சதவீதமும் கழிப்பார்கள். அதற்கு மேல் பேசி முடிப்பதுதான். சந்தை விலை இதைவிட ஏறியும் இறங்கியும் இருக்கும், ஆனாலும் பேச்சைத் தொடங்க ஒரு எண் கையில் இருக்கும். அந்த எண்ணிலிருந்து, முதல் மூன்று மாதத்தில் நீங்கள் செய்யப்போகும் செலவைக் கழியுங்கள். ஒரு உதாரணம்: ஐடிவி 3,50,000 என்று வைத்துக்கொள்வோம், டயருக்கு 20,000, கிளட்சுக்கு 10,000, எஃப்சிக்கு (தகுதிச் சான்று) முந்தைய டிங்கரிங், பெயின்ட், ஸ்டிக்கருக்கு 25,000 என்று உங்கள் மெக்கானிக் கணக்குச் சொன்னால், உங்கள் பேச்சு 2,95,000-க்குக் கீழே தொடங்க வேண்டும்.

எஃப்சி தேதி இதில் பெரிய விஷயம். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம். எஃப்சி முடியப்போகும் வண்டி மலிவாகக் கிடைத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழுகிறது என்று பொருள். நேற்றுதான் எஃப்சி எடுத்தது என்றால் புதுப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்னும் கவனமாகப் பாருங்கள்.

கடைசியாகப் பேப்பர். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்சி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் விவரம் வந்துவிடும். "டியூ முடிஞ்சது, என்ஓசி அடுத்த வாரம் வந்துடும்" என்றால் முழுப் பணத்தையும் அடுத்த வாரமே கொடுங்கள். ஃபைனான்ஸ் நீக்கப் படிவம் 35, பெயர் மாற்ற 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதைத் தள்ளிப்போட்டால், வழியில் வண்டி அடிபடும்போது சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் கிடைக்காமல் போகலாம்.