பஃபியின் கடுமை: தலைமைத்துவம் பற்றிய ஒரு நோக்கு

தொலைக்காட்சித் தொடர்நாடகங்களை ஆய்வுக்குரிய பொருளாக ஏற்பதில் நம்மிடையே நிலவும் தயக்கம் இன்னும் நீங்கியதாகத் தெரியவில்லை. காட்டேரிகளைக் கொல்லும் பெண்ணொருத்தியின் கதை எனின் அத்தயக்கம் இரட்டிப்பாவது இயல்பே. ஆயினும், 1997 முதல் 2003 வரை ஐக்கிய அமெரிக்காவில் 144 அங்கங்களாக ஒளிபரப்பான ‘பஃபி த வம்பயர் ஸ்லேயர்’ என்னும் தொடர், ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே தனக்கென ஓர் ஆய்விதழைப் பெற்றது. 2001 இல் தொடங்கிய ‘ஸ்லேயேஜ்’ அதுவாகும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது தொடர் முழுவதையுமன்று. அதன் ஏழாவதும் இறுதியுமான பருவத்திலே கதாநாயகி பஃபி சம்மர்ஸ் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு ஒன்றினையே. அவள் கடுமையானவள், பிறர் சொற்கேளாதவள், தோழர்களைப் படைவீரர்களாக மட்டும் நோக்குபவள் என்பது அக்குற்றச்சாட்டு. கதையினுள்ளே அவளுடைய நண்பர்களும், கதைக்கு வெளியே பார்வையாளர் பலரும் இதனைக் கூறினர்.

தலைமையொன்றினை மதிப்பிடுமுன் அது எத்தகைய நிலைமையிலே செயற்பட்டது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். கலிபோர்ணியாவிலுள்ள சனிடேல் என்னும் கற்பனை நகரில், ‘ஆதித் தீமை’ எனப்படும் சக்தி பெரும்படையொன்றைத் திரட்டுகின்றது. பஃபிக்கு வழிகாட்ட வேண்டிய கண்காணிப்பாளர் பேரவையின் தலைமையகம் குண்டுவெடிப்பில் அழிந்துவிடுகின்றது. அவளுடைய ஆற்றலை ஒருநாள் பெறக்கூடிய, இன்னும் பெறாத இளம்பெண்கள் உலகின் பல பகுதிகளிலிருந்தும் தப்பி அவள் வீட்டிலே தஞ்சம் புகுகின்றனர். அவர்களுட் பலர் போரையே கண்டறியாதவர்கள். வந்த சில நாள்களிலேயே, அச்சத்தால் தனித்து ஓடிய அனபெல் கொல்லப்படுகின்றாள். பயிற்சிக்குக் காலமில்லை, படைக்கலம் போதாது, பின்வாங்குதற்கு இடமுமில்லை.

இந்நிலையிலே அவள் கடுமை மிகவும் அருவருப்பூட்டும் வகையில் வெளிப்படும் இடம் குளோயி என்னும் பெண்ணின் தற்கொலையை அடுத்து வருவது. ஆதித் தீமையின் பேச்சால் மனமுடைந்து அவள் தூக்கிட்டுக்கொள்ள, பஃபி தன் கையாலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்து, இறந்தவளைப் பலவீனமானவள் என மற்றவர் முன் இகழ்கின்றாள். இதனை நாம் நியாயப்படுத்த முன்வரவில்லை. அது கொடிய பேச்சேயாகும். ஆனால் எதிரியின் ஆயுதம் யாது என்பதை இங்கு கவனித்தல் வேண்டும். உடலற்ற அத்தீமை சொல்லினாலும் அவநம்பிக்கையினாலுமே கொல்கின்றது. குளோயியின் மரணத்தைத் துயரத்துக்குரிய தெரிவாக ஏற்றுக்கொண்டால், அன்றிரவே வேறொருத்தி அதனைப் பின்பற்றக்கூடும். பஃபியின் சொற்கள் இறந்தவளுக்கு இழைத்த அநீதி. உயிரோடிருந்தோரைக் காக்கும் நோக்கில் இழைக்கப்பட்ட அநீதி.

அடுத்து வருவது தோல்வி. கேலப் என்னும் போதகனின் திராட்சைத் தோட்டத்தின் மீது அவள் நடத்திய தாக்குதலில் இளம்பெண்கள் சிலர் மாண்டனர். நண்பன் ஸாண்டர் ஒரு கண்ணை இழந்தான். 2003 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘எம்ப்ரி பிளேஸஸ்’ என்னும் அங்கத்தில், மீண்டும் அத்தோட்டத்துக்கே செல்ல வேண்டுமென அவள் கூறும்போது அனைவரும் எதிர்க்கின்றனர். வாக்கெடுக்க வேண்டுமென்ற குரல் எழுகின்றது. ஈற்றில் சொந்தத் தங்கை டோனே அவளை வீட்டைவிட்டு வெளியேறும்படி கேட்கின்றாள்.

முற்போக்கு எண்ணமுடைய வாசகர் இவ்விடத்தில் பஃபிக்கு எதிராகவே நிற்க விழைவர். பெரும்பான்மையினர் பேசினர், சர்வாதிகாரி அகற்றப்பட்டாள் என்பது கவர்ச்சியான வாசிப்புத்தான். அது மேலோட்டமானது என்பதே நமது கருத்து. நரகவாயின் மேலுள்ள பாடசாலையை எதிரி காவல் செய்யவில்லை, தோட்டத்தையே காவல் செய்கின்றான், ஆகவே அங்கு ஏதோ மறைக்கப்பட்டுள்ளது என்பது பஃபியின் வாதம். இதனை எவரும் தர்க்கரீதியாக மறுக்கவில்லை. மாற்றுத் திட்டமொன்றை முன்வைக்கவுமில்லை. அங்கு பேசியது களைப்பும் துயரும். அவை நேர்மையான உணர்வுகளே. ஆனால் உணர்வுகளின் கூட்டுத்தொகை கூட்டு முடிவாகிவிடாது. தொடர்ந்து தலைமையேற்ற ஃபெயித் அவர்களைக் கொண்டு சென்ற இடத்தில் காத்திருந்தது வெடிகுண்டு. தனித்துத் தோட்டத்துக்குச் சென்ற பஃபியோ, எதிரி மறைத்து வைத்திருந்த படைக்கலத்தைக் கண்டெடுத்து வந்து, எஞ்சியோரைக் காப்பாற்றுகின்றாள். அவள் கணிப்பு சரியானது என்பதை நாடகமே உறுதிசெய்கின்றது. ஃபெயித்தை இதற்காகப் பழித்தல் தகாது. அதே பதவியில் ஓரிரவு இருந்த பின், அதன் தனிமை எத்தகையது என்பதை அவளே பஃபியிடம் ஒப்புக்கொள்கின்றாள்.

பஃபியின் உண்மையான குறைபாடு கடுமையன்று, விளக்காமையே எனலாம். தன் ஊகத்தைச் சான்றுகளோடு பொறுமையாக எடுத்துரைத்திருப்பின் சிலரேனும் உடன்வந்திருப்பர். ஆனால் இக்குறைபாட்டையும் அவள் தனிப்பட்ட சுபாவமாகக் கொள்வது போதாது. ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பெண் என்னும் விதியை வகுத்தவர்கள் ஆதிகாலத்து ஆண்கள் சிலர் என்பதையும், அவர்கள் முதலாமவளைச் சங்கிலியாற் பிணைத்து அவள் விருப்பின்றியே ஆற்றலை ஏற்றினர் என்பதையும் இதே பருவம் காட்டுகின்றது. அவர்களின் வாரிசான பேரவையோ அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, அவளறியாமலே ஆற்றலைப் பறித்து, காட்டேரியோடு அடைத்துச் சோதித்தது. தனித்தே முடிவெடுக்கவும் தனித்தே சாகவும் பயிற்றப்பட்ட ஒருத்தியிடம் கலந்தாலோசிக்கும் பண்பை எதிர்பார்த்துவிட்டு, அது இல்லையென ஏசுவது எவ்வகை நீதி? தந்தையின் இடத்தில் நின்ற கைல்ஸ்கூட, அவளை ஏமாற்றி ஸ்பைக்கைக் கொல்ல இடமளித்தவர். இத்தகைய மறைவான செயல் ‘கடுமை’ எனப் பெயர் பெறவில்லை என்பது சிந்தனைக்குரியது.

2003 மே 20 இல் ஒளிபரப்பான இறுதி அங்கத்தில் பஃபி மேற்கொள்வது தந்திரோபாயம் மட்டுமன்று, விதியையே மாற்றுதலாகும். வில்லோவின் மந்திரத்தால் அவள் ஆற்றல் உலகெங்குமுள்ள தகுதியுடைய பெண்கள் அனைவருக்கும் பகிரப்படுகின்றது. தன் தனியதிகாரத்தின் அடிப்படையையே கைவிடும் சர்வாதிகாரியை நாம் வரலாற்றிலே தேடித்தான் பார்க்க வேண்டும். தொடரை உருவாக்கிய ஜொஸ் வீடன் மீது, அவரோடு பணியாற்றிய நடிகையர் சிலர் 2021 இல் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினர் என்பது அவரைப் பெண்ணியவாதியாகப் போற்றியோரைச் சங்கடத்துக்குள்ளாக்கியது. ஆயினும் படைப்பை அதன் சொந்த நியாயத்தால் அளத்தலே பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

இவ்விடத்தும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. வீட்டிலிருந்த பெண்களிடம் பஃபி தெரிவைக் கேட்டாள். அப்பால், பந்தாட்டத் திடலிலும் உணவு மேசையிலும் இருந்த பெண்களிடம் எவரும் கேட்கவில்லை. முதலாமவளுக்கு நிகழ்ந்ததும் இதுதானே என ஒருவர் வாதிப்பின், அதற்கு நம்மிடம் முழுமையான மறுமொழி இல்லை.