ஒரே விகிதம், ஒரே சுமை அல்ல: ஹெர்மன் கெய்னின் 9-9-9

2011 செப்டம்பர் 24 அன்று ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியினர் அதிபர் வேட்பாளருக்காக நடத்திய மாதிரி வாக்கெடுப்பில் ஹெர்மன் கெய்ன் 37 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்தார். அப்போதைய டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியும் மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னியும் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். தேர்தலில் வென்று எந்தப் பதவியும் வகித்திராத ஒரு கறுப்பினத்தவர், ஒபாமாவை எதிர்க்கும் கட்சியின் முன்னணி வேட்பாளராகிவிட்டார். அடுத்த இரண்டு மாதங்களில் அவரைச் சுற்றி மூன்று சர்ச்சைகள் ஓடின. அவருடைய வரித்திட்டம் கணக்கில் நிற்குமா? பீட்சா நிறுவனம் நடத்தியவரால் நாட்டை நடத்த முடியுமா? இனப் பாகுபாடு பற்றி அவர் சொல்வது சரியா? மூன்றையும் தனித்தனியாகவே பேசினார்கள். ஆனால் மூன்றையும் தாங்கி நின்ற நம்பிக்கை ஒன்றுதான்: அமெரிக்காவில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்பது. அந்த நம்பிக்கை பிழையானது என்பதால்தான் அதன்மேல் கட்டிய வரித்திட்டமும் பிழையானது என்பது என் முடிவு.

திட்டத்தை முதலில் பார்ப்போம். தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் சம்பளத்தில் பிடிக்கும் வரி, மூலதன ஆதாய வரி, வாரிசுச் சொத்து வரி ஆகிய அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். அவற்றுக்குப் பதிலாக நிறுவனங்களுக்கு 9 சதவீதம், தனிநபர் வருமானத்துக்கு 9 சதவீதம், நாடு முழுவதும் விற்பனை வரி 9 சதவீதம். கழிவுகளில் அறக்கொடைக்கு மட்டுமே இடம் உண்டு. வீட்டுக்கடன் வட்டிக்கான கழிவு இல்லை, குழந்தைகளுக்கான சலுகை இல்லை, குறைந்த கூலிக்கு உழைக்கும் குடும்பங்களுக்கு அரசு திருப்பித் தரும் வரித்தொகையும் இல்லை. பங்குகளை விற்று வரும் மூலதன ஆதாயம் தனிநபரின் 9 சதவீதத்துக்குள் வராது. நிறுவன வரியில் பலர் கவனிக்கத் தவறிய ஒரு நுட்பம் இருந்தது. பிற நிறுவனங்களிடம் வாங்கிய பொருளின் விலையையும் இயந்திரங்களில் போட்ட முதலீட்டையும் நிறுவனம் கழித்துக்கொள்ளலாம், தொழிலாளருக்குக் கொடுத்த சம்பளத்தைக் கழிக்க முடியாது. ஆகவே இது லாபத்தின் மீதான வரியாக நில்லாமல், பெரும்பாலும் கூலியின் மீது விழும் வரியாகிறது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வரிச் சட்டப் பேராசிரியர் எட்வர்ட் கிளைன்பார்ட், மூன்று ஒன்பதுகளையும் கூட்டினால் ஏறத்தாழ 27 சதவீத ஊதிய வரிதான் மிஞ்சும் என்று விளக்கினார். சம்பளம் கொடுக்கும் இடத்தில் ஒரு முறை, வாங்கும் கையில் ஒரு முறை, செலவழிக்கும் கடையில் ஒரு முறை என்று அதே பணம் மூன்று முறை வரி கட்டுகிறது.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஆண்டுச் சம்பளம் 30,000 டாலர். 2011-இல் நடப்பில் இருந்த சட்டப்படி இந்தக் குடும்பம் வருமான வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. மாறாக அரசிடமிருந்து சில ஆயிரம் டாலர் திரும்பக் கிடைக்கும். சம்பளத்தில் பிடிக்கும் வரி, அந்த ஆண்டின் தற்காலிகச் சலுகையைச் சேர்க்காவிட்டால், 7.65 சதவீதம், அதாவது 2,295 டாலர். கெய்னின் திட்டத்தில் வருமான வரியே 2,700 டாலர். மிச்சம் முழுவதும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகிவிடும் என்பதால் விற்பனை வரி இன்னும் ஏறத்தாழ 2,250 டாலரைக் கொண்டுபோகும். திரும்ப வந்த தொகையும் நின்றுபோகும். மறுபக்கம், பங்குகளை விற்று 10 லட்சம் டாலர் ஆதாயம் பார்ப்பவர் அப்போதைய 15 சதவீத விகிதத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலர் கட்டிவந்தார். புதிய திட்டத்தில் அந்த ஆதாயத்துக்கு வரியே கிடையாது. 3 லட்சம் டாலருக்குப் பொருள் வாங்கினால் 27,000 டாலர் விற்பனை வரி, அவ்வளவுதான். வாஷிங்டனிலுள்ள வரிக் கொள்கை மையம் 2011 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வும் இதையே பெரிய அளவில் காட்டியது: 84 சதவீதக் குடும்பங்கள் முன்பைவிட அதிக வரி கட்ட வேண்டிவரும்.

அதன்பின், அக்டோபர் 21 அன்று, டெட்ராய்ட்டில் பேசிய கெய்ன் திட்டத்தைத் திருத்தினார். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நடு ஒன்பது, அதாவது தனிநபர் வருமான வரி, பூஜ்யமாகும் என்றார். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அப்போதைய வறுமைக் கோடு 22,350 டாலர். மேலே சொன்ன குடும்பத்துக்கு இந்தச் சலுகை எட்டாது. வறியவர்களுக்கும்கூட விற்பனை வரி நீங்கவில்லை. அந்தத் திருத்தத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஒரே விகிதம் என்றால் ஒரே நியாயம் என்ற வாதம் நிற்காது என்பதை அவரே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

கெய்னின் ஆதரவாளர்கள் முன்வைத்த வாதங்களில் வலுவானது, அமெரிக்க வரிச் சட்டத்தின் சிக்கலைப் பற்றியது. கோடீஸ்வரர் வாரன் பஃபெட் அந்த ஆகஸ்டில்தான், தம் அலுவலக ஊழியர்களைவிடத் தாம் குறைந்த விகிதத்தில் வரி கட்டுவதாக எழுதியிருந்தார். ஓட்டைகள் நிறைந்த சட்டத்தைத் தூக்கியெறிந்து எளிமையாக எழுத வேண்டும் என்ற கோபம் நியாயமானது. ஆனால் எளிமைக்காகச் சுமையை ஏழையிடம் தள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தம், பல சலுகைகளை ஒழித்து, 15, 28 என்ற இரு முதன்மை விகிதங்களுக்குள் வருமான வரியைச் சுருக்கியது. அதே சட்டம் மூலதன ஆதாயத்துக்கும் சம்பளத்துக்கும் ஒரே வரி என்றது. எளிமையும் நியாயமும் சேர்ந்து வர முடியும் என்பதற்கு ரீகனின் கட்சிக்காரர்களுக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் வேண்டாம். பொருள்களின் விலைக்குள் மறைந்திருக்கும் பழைய வரிகள் போய்விட்டால் விலை குறையும், முதலாளி கட்டிவந்த 7.65 சதவீதமும் கூலியாகத் தொழிலாளிக்கு வரும் என்றும் சொன்னார்கள். சம்பளத்தைக் கழிக்கவிடாத 9 சதவீத நிறுவன வரி அந்த இடத்தில் வந்து உட்காரும்போது, விலையைக் குறைக்கவும் கூலியைக் கூட்டவும் பணம் எங்கே மிஞ்சும்? மாநில விற்பனை வரி வேறு, இது வேறு என்று லாஸ் வேகஸ் விவாத மேடையில் கெய்ன் திரும்பத் திரும்பச் சொன்னார். கடையில் நிற்பவர் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டுவார் என்று ராம்னி சொன்ன பதிலைக் கெய்னால் கடைசிவரை மறுக்க முடியவில்லை.

தகுதி பற்றிய சர்ச்சையில் அவரை இளக்காரமாகப் பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மோர்ஹவுஸ் கல்லூரியில் கணிதம், பர்டூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம், கடற்படையில் கணித வல்லுநர் பணி, பிறகு கோக்க கோலா, பில்ஸ்பரி, பர்கர் கிங். 1986-இல் தள்ளாடிக்கொண்டிருந்த காட்ஃபாதர்ஸ் பீட்சாவின் தலைமையை ஏற்று அதை லாபத்துக்குத் திருப்பினார். கான்சஸ் சிட்டி ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுத் தலைவராகவும் இருந்தார். அவரைப் பீட்சாக்காரர் என்று மட்டும் சுருக்குவது அநியாயம். ஆயினும் நிறுவனத்தை நிமிர்த்துவதில் பாதி வேலை, லாபம் தராத கிளைகளை மூடுவது. வருமானம் குறைந்த மாவட்டத்தை, வேலையற்ற குடிமகனை, எந்த அரசும் மூடிவிட முடியாது. நவம்பரில் மில்வாக்கி பத்திரிகையாசிரியர்கள் லிபியா பற்றிக் கேட்டபோது அவர் தடுமாறியதைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் காட்டின. என்னைப் பொறுத்தவரை, தம் சொந்தத் திட்டத்தால் யாருக்குச் சுமை கூடும் என்று கேட்டபோது ஆய்வாளர்களின் எண்ணைத் தவறென்று ஒதுக்கியதே அவருடைய தகுதிக்குப் பெரிய குறை.

இனம் பற்றிய அவர் கருத்துக்கு வருவோம். கறுப்பின வாக்காளர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டே ஜனநாயகக் கட்சியோடு நிற்கிறார்கள் என்றார். இன்றைய அமெரிக்காவில் இனவெறி யாரையும் பெரிதாகத் தடுத்து நிறுத்துவதில்லை என்றார். வேலையும் செல்வமும் இல்லாதவர் வால் ஸ்ட்ரீட்டைக் குறை கூறாமல் தம்மையே நொந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இதைச் சொன்னவர் இனப் பாகுபாட்டை அறியாதவர் அல்லர். தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் இருந்த தெற்கில், அட்லாண்டாவில் வளர்ந்தவர். தந்தை ஒரே சமயத்தில் மூன்று வேலை பார்த்தார். தாய் அடுத்தவர் வீடுகளைத் துப்புரவு செய்தார். அங்கிருந்து ஏறிவந்தவருக்குத் தம் உழைப்பில் நம்பிக்கை இருப்பது இயல்பு, அந்த வாழ்க்கை மரியாதைக்குரியது. அவரைத் துரோகி போல வசைபாடியவர்கள் வாதத்துக்குப் பதில் சொல்லவில்லை. பதில் எண்களில் இருந்தது. 2011 செப்டம்பரில் வெள்ளையரிடையே வேலையின்மை 8 சதவீதம், கறுப்பினத்தவரிடையே 16 சதவீதம். பியூ ஆய்வு மையம் அந்த ஜூலையில் வெளியிட்ட கணக்கின்படி, 2009-இல் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 1,13,149 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 5,677 டாலர். இருபது மடங்கு வேறுபாட்டைச் சோம்பலால் விளக்க முடியாது. தலைமுறைகளாக வீடு வாங்கவும் கடன் பெறவும் மறுக்கப்பட்டதன் எச்சம் அது. அந்த இரு குடும்பங்களிடமும் ஒரே 9 சதவீதம் கேட்டு, சொத்தின் ஆதாயத்தை மட்டும் வரியிலிருந்து விலக்கினால், சொத்துள்ளவர் இன்னும் முன்னே போவார். இனம் பற்றிய கெய்னின் பார்வையும் அவருடைய வரித்திட்டமும் சந்திக்கும் இடம் இதுதான்.

இதற்கிடையே கெய்ன்மீது பாலியல் தொல்லைப் புகார்கள் எழுந்தன. அவர் அவற்றை மறுத்தார். டிசம்பர் 3 அன்று பிரசாரத்தை நிறுத்தினார். அதனால் 9-9-9 திட்டம் வாக்காளர்கள் முன் கணக்கில் தோற்கும் வாய்ப்பே வரவில்லை. 2016 தேர்தலுக்கான போட்டியில் டெட் குரூஸ் தனிநபருக்கு 10, நிறுவனத்துக்கு 16 சதவீதம் என்றார். ராண்ட் பால் இரண்டுக்கும் 14.5 என்றார், மற்றொரு கறுப்பின வேட்பாளரான பென் கார்சனும் ஒற்றை விகிதத்தையே முன்வைத்தார். இந்தத் திட்டம் இன்னொரு பெயரில் மறுபடி வரும்போது, வேட்பாளரின் வாழ்க்கைக் கதையைக் கேட்ட பிறகு, 30,000 டாலர் சம்பளக் குடும்பத்தின் கணக்கையும் அவரிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.