தரைக்குள்ளே மூன்று அங்குலம்

என் மாமியாருக்கு வயது 76. முழங்கால் வலி. எங்கள் வீட்டுக் கழிப்பறையோ கொல்லைக் கோடியில், நாலு படி இறங்கிப் போகவேண்டும். அதற்காக அவர் என்ன செய்தார் தெரியுமா? சாயங்காலம் 5 மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை! கேட்டால், "தாகமே இல்லையம்மா" என்பார். சித்திரை மாதத்தில் கூடவா தாகமிராது? விஷயம் புரிந்த அன்றே, அவர் அறையை அடுத்த சாமான் அறையைக் கழிப்பறையாக மாற்றுவதென்று தீர்மானித்தோம்.

கோப்பை வெள்ளையா, ரோஜா நிறமா என்று கடையில் அரை நாள் யோசித்தேன். தரைக்குள் புதையப் போகிற குழாயைப் பற்றி அரை நிமிஷம் யோசிக்கவில்லை. வந்த குழாய்க்காரர் 4 அங்குலக் குழாயைத் தட்டையாகப் பதித்து, சிமெண்டு போட்டு மூடிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அடைப்பு! அதே குழாயில் சேர்ந்திருந்த குளியலறை ஜலதாரையில் "களுக், களுக்" என்று சத்தம், கூடவே நாற்றம். புதுத் தரையை உடைத்தபோது வயிறு எரிந்தது.

அடுத்து வந்தவர் வயதான மேஸ்திரி. குழாய்மேல் ரசமட்டத்தை வைத்தார். "வாட்டமே இல்லையே, அம்மா!" என்றார். அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டுமாம். அறையிலிருந்து வெளித் தொட்டிவரை 12 அடி. ஆகவே 3 அங்குலம். இந்த மூன்று அங்குலத்துக்குத்தான் இவ்வளவு பாடு! "ரொம்பச் சரித்தாலும் ஆகாது. தண்ணீர் முன்னால் ஓடிவிடும், மற்றது தங்கிவிடும்" என்றார். சட்டென்று திரும்பிய ஒற்றை எல்போவை எடுத்துவிட்டு, 45 டிகிரி வளைவுகள் இரண்டைப் பூட்டினார்.

சரி, அந்தக் "களுக்" சத்தம்? கோப்பையின் அடியிலும் ஜலதாரையின் அடியிலும் வளைந்த கழுத்தில் சுமார் 2 அங்குல ஆழம் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் காவல் காப்பது அதுதான். இப்படி வளைந்த கழுத்துள்ள கழிப்பறைக்கு 1775-ல் லண்டனில் பேடண்ட் வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங், கடிகாரம் செய்கிறவர்! கடிகாரக்காரருக்கு இதில் எப்படித்தான் புத்தி போயிற்றோ! குழாயில் தண்ணீர் வேகமாய்ப் போகும்போது பின்னாலே காற்று வேண்டும். காற்றுக்கு வழியில்லையென்றால் அது காவல் தண்ணீரையே உறிஞ்சிவிடும். மொட்டை மாடிக்கு மேலே போகும் காற்றுக் குழாய் இதற்காகத்தான். முதலில் வந்தவர் அதை வீண் செலவு என்று விட்டுவிட்டாராம்! இப்போது அதன் தலையில் கொசுவலை கூடக் கட்டியாயிற்று.

இன்னொன்று: கோப்பையை வாங்கிய பிறகே தரையில் குழாய் வாய்க்கு இடம் குறியுங்கள். சுவரிலிருந்து அளக்கும்போது பூச்சும் டைல்ஸும் கணக்கில் சேரவேண்டும். இல்லாவிட்டால் கோப்பை உட்காராது.

மூடுவதற்கு முன் மேஸ்திரி கீழ்வாயை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டார். நான் நாற்காலி போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் கோடு இறங்கவில்லை. அளவு நாடாவை அருகில் வைத்து, செல்போனில் நாலு படமும் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் சிமெண்டுக்கு உத்தரவு!

நேற்று இரவு விளக்கை அணைக்கப் போனேன். மாமியார் கட்டிலிலிருந்தபடியே, "சொம்பிலே தண்ணீர் வைத்தாயா, அம்மா?" என்று கேட்டார்.