வெள்ளையிலும் வேற்றுமை!

புதிய கைப்பேசி ஒன்று வந்தால் அந்த வீட்டில் அன்றைக்குப் பெருநாள்தான். ஒரே நாளில் இரண்டு வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் என் வீட்டிலேயே கண்டேன்.

ரியாதில் பணிபுரியும் என் மகன், தன் தங்கையர் இருவருக்கும் பெருநாள் அன்பளிப்பாக ஆளுக்கொரு கைப்பேசி வாங்கிக் கொடுக்கும்படி பணம் அனுப்பியிருந்தான். ஒன்றுக்கொன்று சிறிது மாறுபட்டாலும் மனத்தாங்கல் வந்துவிடுமே என்றஞ்சி, ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே விலை என்று பார்த்து, திருநெல்வேலியில் ஒரே கடையில் வாங்கி வந்தேன். அவ்வளவு முன்னெச்சரிக்கையும் அன்றிரவே வீணாயிற்று.

தராவீஹ் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது கூடத்தில் ஒரே அமளி. இரு கைப்பேசிகளும் பாயின்மீது அருகருகே கிடந்தன. இரண்டிலும் ஒரே வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது.

"வாப்பா, நீங்களே பாருங்க! தங்கச்சியோடது பால் மாதிரி இருக்கு. என்னோடது சாயா கொட்டின துணி மாதிரி இருக்கு" என்றாள் மூத்தவள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. ஒரு திரை தூய வெண்மையாகவும் மற்றொன்று மஞ்சள் படிந்தும் காணப்பட்டன. "எவரோ திருப்பிக் கொடுத்ததைக் கடைக்காரர் நம்ம தலையில கட்டிட்டார்" என்று என் மனைவி தீர்ப்பே வழங்கிவிட்டாள். மூத்தவளின் வருத்தத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவள் வீட்டிலிருந்தபடியே சுடிதார்த் துணி வாங்கி விற்பவள். துணிகளைப் படமெடுத்து அனுப்பித்தான் வியாபாரம். நிறம் தப்பினால் துணி திரும்பி வரும். இளையவளோ ஒன்றும் பேசாமல் தன் கைப்பேசியை மெல்ல எடுத்துத் தாவணிக்குள் வைத்துக் கொண்டாள்.

பாலைவன வெயிலில் மகன் உழைத்த பணம். இரு சகோதரிகளுக்கிடையே ஒரு முணுமுணுப்பு. ரசீதில் கண்டபடி பொருளை மாற்றிக்கொள்ள ஏழு நாள் அவகாசம். விடிந்ததும் கடைக்குப் போய்விடுவது என்றுதான் முடிவு செய்தேன். ஆயினும் அதற்குமுன் ஒருவரைக் கேட்டுவிட எண்ணினேன்.

எந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுப்பது?

அவர் என் மனைவியின் மூத்த சகோதரர். பிள்ளைகளுக்குப் பெரிய மாமா. நாற்பதாண்டுகள் கொழும்பிலும் சென்னையிலும் நீலமும் சிவப்பும் வாங்கி விற்ற இரத்தினக்கல் வணிகர். "இராத்திரி விளக்குல நிறம் பார்க்குற வழக்கம் எங்ககிட்ட இல்லை மச்சான். காலையில கொண்டு வாங்க" என்று கூறிவிட்டார்.

மறுநாட்காலை வடக்குப் பார்த்த சன்னலருகே இரு கைப்பேசிகளையும் வாங்கி வைத்தார். நேர்வெயில் விழாத வடதிசை வெளிச்சத்தில் கல் பார்ப்பது அத்தொழிலின் பழைய மரபு. சற்று நேரம் பார்த்தவர் கைப்பேசிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் அவருக்கு இடக்கண்ணில் புரை நீக்கப்பட்டது. வலக்கண்ணில் இன்னும் புரை இருக்கிறது. ஒரு கண்ணை மூடினார். பிறகு மறு கண்ணை மூடினார்.

"இந்தக் கண்ணுக்கு எதிர்ச் சுவர் வெள்ளை. அந்தக் கண்ணுக்கு அதே சுவர் பழைய காகிதம். நான் எந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுக்கிறது?"

இது வேடிக்கைப் பேச்சன்று. வயது ஏற ஏறக் கண்ணின் இயற்கை வில்லை மஞ்சள் பாய்கிறது. புரை விழுந்தால் அது மிகுகிறது. நீல ஒளியை அது தடுத்துவிடுவதால் உலகமே சற்று மஞ்சளாகத் தோன்றும். எனினும் மெல்ல மெல்ல நேர்வதால் எவரும் உணர்வதில்லை. ஒரு கண்ணில் மட்டும் தெளிந்த செயற்கை வில்லை பொருத்தப்படும்போதுதான், இதுவரை வெள்ளை என்று எண்ணியது வெள்ளையன்று எனத் தெரியவருகிறது. குறை இருந்த காலத்தில் தெரியாதது, ஒப்பிட்ட கணத்தில் தெரிகிறது. பாயின்மீது கிடந்த கைப்பேசிகளின் கதையும் இதுவேதான்.

வெண்மை என்பது யாது?

கைப்பேசித் திரையில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற நுண்புள்ளிகள் சேர்ந்து ஒளிர்வதையே நம் கண் வெள்ளை எனக் கொள்கிறது. நீலம் சற்று மிகுந்தால் பால் வெள்ளை. குறைந்தால் சந்தன வெள்ளை. வெள்ளை வேட்டியைத் துவைத்தபின் நீலம் போடுகிறோமே, எதற்காக? நீலச்சாயல் கலந்த வெள்ளையையே நம் கண் கூடுதல் வெள்ளையாக எண்ணுகிறது. கடையில் கண்ணைக் கவரவேண்டும் என்பதற்காகப் பல கைப்பேசிகள் சற்று நீலம் தூக்கலாகவே அமைக்கப்பட்டு வருகின்றன.

ஒளியின் இந்தச் சாயலைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின். பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மைக்குத் திரைத் தொழிலில் 6,500 கெல்வின் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. எண் கூடக் கூட நீலச்சாயல் ஏறும். எனவே இரு திரைகள் வேறுபட்டால், மஞ்சளாகத் தெரிவதுதான் பழுது என்று கூறிவிட முடியாது. நீலமாகத் தெரிவதே அளவு தப்பியதாகவும் இருக்கலாம்.

ஒரே வகைக் கைப்பேசிக்குள் வேறுபாடு எப்படி வருகிறது? எல்.சி.டி. வகைத் திரைகளின் பின்னே வெண்ணிற எல்.ஈ.டி. விளக்குகள் எரிகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் நீல விளக்குகள். மேலே பூசப்பட்ட மஞ்சள் ஒளிர்பொருளால் வெள்ளையாகத் தோற்றுகின்றன. பூச்சின் கனம் மயிரிழை மாறினாலும் வெண்மை மாறும். ஓ.எல்.ஈ.டி. வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அங்கே மெல்லிய படலங்களின் கனம் நிறத்தை மாற்றுகிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே வகைக் கைப்பேசிக்கு இரண்டு மூன்று தொழிற்சாலைகளிலிருந்து திரை வாங்குவதும் உண்டு. ஒரே எண்ணுள்ள நூலாயினும் வெவ்வேறு சாயத்தொட்டியில் முக்கி எடுத்தால் நிறம் சற்று மாறுவதை நம் நெசவாளர்கள் அறிவர். அதுபோன்றதே இதுவும்.

ஆதலால் எல்லாத் தொழிற்சாலைகளும், இவ்வளவு வேறுபாடு வரை ஏற்கலாம் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்கின்றன. மனிதக் கண்ணுக்கு எவ்வளவு நுண்ணிய நிற வேறுபாடு புலப்படும் என்பதை அளந்து, அமெரிக்க அறிஞர் டேவிட் மக்கடம் 1942ஆம் ஆண்டில் வெளியிட்டார். விளக்குகளைத் தரம் பிரிப்பதில் அவ்வளவீடு இன்றும் பயன்படுகிறது.

உலகப் புகழ்பெற்ற கைப்பேசிகளும் இதற்கு விலக்கல்ல. 2017 ஏப்ரலில் சாம்சங் கேலக்ஸி எஸ்8 வெளிவந்தபோது, திரை சிவந்து தெரிகிறது என்று தென்கொரியாவில் பலர் முறையிட்டனர். நிறத்தைச் சரிசெய்துகொள்ள மென்பொருள் மாற்றம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் திரை, பக்கவாட்டில் சாய்த்தால் நீலமாகிறது என்று குறை எழுந்தது. திரையைப் பற்றிய வேறு முறையீடுகளும் சேர, அந்நிறுவனம் உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டாக நீட்டியது.

சோதிக்கும் முறை

மாமா அன்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னவற்றை நம் சகோதரிகளுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவதாக, இரண்டு கைப்பேசிகளின் அமைப்புகளையும் ஒன்றுபோல் ஆக்கவேண்டும். இரவு ஒளி, வாசிப்பு முறை, கண் பாதுகாப்பு என்றெல்லாம் பெயர் கொண்ட வசதிகள் நீலத்தைக் குறைத்து மஞ்சளைக் கூட்டுபவை. சுற்றுப்புற வெளிச்சத்திற்கேற்பத் திரை தானே நிறம் மாறும் வசதியும் சிலவற்றில் உண்டு. இவற்றையெல்லாம் அணைத்து, நிற முறையையும் வெளிச்ச அளவையும் இரண்டிலும் சமமாக்க வேண்டும். மேலே ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியும் சாயல் தரக்கூடும்.

இரண்டாவதாக, பகலில், வெயில் நேரே படாத இடத்தில், வண்ணத் திரைச்சீலை அருகில் இல்லாமல், இரண்டிலும் ஒரே வெள்ளைப் படத்தை நிரப்பி, நேருக்கு நேராகப் பார்க்கவேண்டும். பிறகு இடவலம் மாற்றி வைத்துப் பார்க்கவேண்டும். சாய்வாகப் பார்த்தால் நிறம் மாறுவது இயல்பு.

மூன்றாவதாக, இருட்டறையில் வெளிச்சத்தை மிகக் குறைத்து, சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுவதும் நிரப்பிப் பார்க்கவேண்டும். மறைந்திருக்கும் திட்டுகளும் கோடுகளும் அப்போதுதான் வெளிப்படும்.

முதற்சோதனையிலேயே பாதி வழக்கு தீர்ந்தது. மூத்தவளின் கைப்பேசியில் கண் பாதுகாப்பு வசதி, தொடக்க அமைப்பின்போதே எப்படியோ இயக்கப்பட்டிருந்தது! அதை அணைத்ததும் மஞ்சளில் பெரும்பகுதி போயிற்று. எஞ்சியது இலேசான சந்தனச் சாயல். அவள் விற்கும் இளமஞ்சள் துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவளது திரையில் தெரிந்த நிறமே துணிக்கு நெருங்கி இருந்தது.

மூன்றாம் சோதனையில்தான் எவரும் எதிர்பாராதது நேர்ந்தது. பால்போல் இருந்ததே இளையவளின் திரை, அதன் கீழ்மூலையில் கட்டைவிரல் அகலத்திற்குச் சிவந்த திட்டு ஒன்று தெரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் மறைந்தது. குறைத்தால் மீண்டும் தெரிந்தது. இளையவளின் முகம் வாடியது. மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் தங்கையின் தோளில் கை வைத்தாள். முந்திய இரவின் முணுமுணுப்பு அங்கே முடிந்தது.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

திரை முழுவதும் ஒரே சீராக ஒரு சாயல் இருந்து, இன்னொன்றை அருகில் வைத்தால் மட்டுமே அது தெரிகிறதா? அமைப்பில் உள்ள நிற வெப்பநிலைக் கட்டத்தை நகர்த்தினால் சரியாகிறதா? அப்படியானால் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. சில நிமிடங்களிலேயே கண் அந்த வெண்மைக்குப் பழகிவிடும். மாற்றி வாங்கும் கைப்பேசி இதைவிட நன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வேறு குறையுடன் வரவும் கூடும்.

திரையின் ஒரு பாதி ஒரு நிறமும் மறு பாதி வேறு நிறமுமாக இருந்தாலோ, திட்டோ கோடோ தெரிந்தாலோ, வெளிச்சம் குறையும்போது பச்சையோ சிவப்போ ஏறினாலோ, நாளுக்கு நாள் சாயல் பரவினாலோ தயங்கலாகாது, மாற்றியே தீரவேண்டும். அது கண்ணின் மயக்கமன்று, பொருளின் பழுது.

பழுதை நிறுவப் படம் எடுப்போர் ஒன்றை நினைவில் கொள்க. கேமரா தானாகவே வெண்மையைத் திருத்திவிடும். ஆதலின் பழுதான திரையையும் நல்ல திரையையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தல் வேண்டும்.

"டிஸ்ப்ளே எல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றுதான் கடையில் முதலில் கூறினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. பழுதான பொருளை, ரசீதில் கண்ட காலத்திற்குள் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்பது அச்சட்டம். ரசீதில் காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாட்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். நான் உரத்துப் பேசவில்லை. படத்தைக் காட்டினேன், கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துத் திரையையும் காட்டினேன். ஐந்தாம் நாள் வேறு கைப்பேசி தந்தார்கள்.

ஒன்றைக் குடும்பத்தார் மறக்கவே கூடாது. திருப்பிக் கொடுக்கும் கைப்பேசியில் நம் வீட்டுப் பெண்களின் படங்களும் செய்திகளும் இருக்கும். அவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, கணக்குகளிலிருந்து வெளியேறி, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துக்கொண்ட பிறகே கடைக்காரர் கையில் கொடுக்கவேண்டும்.

இப்போது மூத்தவள் துணியைப் படமெடுக்கும்போது ஒரு வெள்ளைக் காகிதத்தை அருகில் வைக்கிறாள். "மாந்தளிர்", "கிளிப்பச்சை" என்று நிறத்தை எழுத்திலும் குறிப்பிடுகிறாள். வாங்குவோர் திரைகள் எப்படி இருக்குமோ, யாரறிவார்? அதன்பின் துணி திரும்பி வருவது குறைந்திருக்கிறது.

பெருநாளன்று ரியாதிலிருந்து மகன் பேசினான். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு காக்கா" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். புதிதாக வந்ததை மற்றொன்றின் அருகே வைத்துப் பார்க்கக் கூடாது என்று அவர்களின் உம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.